மஞ்சள் தூள் வேறு, குர்குமின் மாத்திரை வேறு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' (கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை) என்று வந்த மறுநாளே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் மருந்துப் பட்டியல் வந்துவிடும்: மஞ்சள், கீழாநெல்லி, சீந்தில், க்ரீன் டீ, மில்க் திசில். இவற்றில் சிலவற்றுக்கு நியாயமான ஆய்வுகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஆய்வில் கொடுத்தது ஓர் அளவு, நம் தட்டுக்கு வருவது வேறோர் அளவு, கடையில் டப்பாவில் விற்பது மூன்றாவது சரக்கு.

மூலிகைக்குப் போகும் முன் கிரேடைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்ற கண்மதிப்புதான் அது. பயப்பட வேண்டியது தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ். அதைத் தோராயமாக அறிய ஃபிப்-4 என்ற கணக்கு போதும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் இரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் நொதிகள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். வயது 48, எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2,10,000 என்றால் 2016 வகுத்தல் 1680, விடை 1.2. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் மூலிகை ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். நடுவில் நின்றால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குள் இந்தக் கணக்கு சரிவராது. 65-க்கு மேல் கீழ்வரம்பை 2.0 என்று எடுப்பார்கள்.

இனி மஞ்சள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான சத்துதான் குர்குமின்; நல்ல மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்றால் கிடைப்பது 90 மில்லிகிராம். ஃபேட்டி லிவர் ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது நாளுக்கு 500 முதல் 1500 மில்லிகிராம். ஆயிரம் மில்லிகிராமைச் சமையலில் பிடிக்க வேண்டுமானால் பதினொரு டீஸ்பூன் தூள் வேண்டும். அந்தக் குழம்பை யார் சாப்பிடுவது? மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதம்வரை இருக்கும். அதிலும் ஐந்து டீஸ்பூன் தேவைப்படும்.

சாப்பிட்டாலும் உடம்பில் ஏறுவது சொற்பம். குர்குமின் தண்ணீரில் கரையாது. உள்ளே நுழையும் கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் எளிதில் வெளியேறும் குளுக்குரோனைடு என்ற வடிவமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். வெளியேறும் இந்தக் கதவை மிளகின் காரச் சத்தான பைப்பரின் அடைக்கிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உறிஞ்சுதல் இருபது மடங்கு உயர்ந்தது. விளம்பரங்களில் வரும் '2000 சதவீதம்' இங்கிருந்து வந்ததுதான். 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஏறத்தாழ பத்து மிளகு.

வினையும் இங்கேதான் தொடங்குகிறது. பைப்பரின் அடைக்கும் அந்தக் கதவு குர்குமினுக்கு மட்டும் உரியதல்ல. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவையும் அது உயர்த்தும். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் வலையமைப்பு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022-இல் எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது இது எல்லாருக்கும் வருவதல்ல, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு எச்சரிக்கை வந்திருக்கிறது. கல்லீரலைக் காக்க வாங்கும் மாத்திரை கல்லீரலையே தாக்குகிற வேடிக்கை இது. ரசத்தில் போடும் மஞ்சளையும் மிளகையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய மாத்திரையைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று: குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். ஃபேட்டி லிவர் எழுதியிருக்கும் அதே ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கால்பிளாடர்' என்ற வரியையும் படியுங்கள். கல் இருந்தால் மாத்திரை வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் வேண்டாம்.

சிலிமரின், அதாவது மில்க் திசில் விதைச் சத்து, மருத்துவர்களே எழுதிக்கொடுப்பது. மலேசியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் 99 பேருக்கு 48 வாரம், வேளைக்கு 700 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை சிலிமரினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். பிரதான இலக்கை அது எட்டவில்லை. தழும்பு குறைந்தவர்கள் மட்டும் சிலிமரின் குழுவில் 22.4 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். நம்பிக்கை தரும் துப்பு, அவ்வளவுதான். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 70 அல்லது 140 மில்லிகிராம் மாத்திரை. ஆய்வின் அளவுக்கு 140 மாத்திரை நாளுக்குப் பதினைந்து வேண்டும். தினம் ஒன்று போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பதும், 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று விற்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

என் பார்வையில், அந்தப் பட்டியலில் இல்லாத பெர்பெரின்தான் கவனிக்கத் தக்கது. நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளின் மஞ்சள் நிறம் அதனால் வருவது. சீனாவில் 2015-இல் வெளியான ஆய்வில் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, 16 வாரம், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பு 52.7 சதவீதம் குறைந்தது. பெர்பெரின் இல்லாமல் அதே கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு 36.4. அந்த 36.4-ஐ இன்னொரு முறை பாருங்கள். கைக்காசு செலவில்லாமல் கிடைத்த பங்கு அது. பெர்பெரினால் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ வரும், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலையை அது கடுமையாக்கும். மரமஞ்சள் கட்டையைக் காய்ச்சிக் குடிப்பதில் அளவு பிடிபடாது, கட்டைக்குக் கட்டை மாறும்.

கீழாநெல்லியின் பெயர் மஞ்சள் காமாலையோடு ஒட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேரிடம் அதன் அடையாளம் மறைந்தது. பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதுவும் வைரஸ் பற்றிய ஆய்வு, கொழுப்பைப் பற்றியது அல்ல. சீந்திலை ஒதுக்கிவிடலாம். கொரோனா காலத்தில் அதைக் குடித்து, நோய் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கிய நோயாளிகளை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவுசெய்தார்கள். க்ரீன் டீ குடிக்கலாம். அதன் சத்து மாத்திரையில் இஜிசிஜி என்ற க்ரீன் டீ வேதிப்பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது.

மாத்திரை எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு: தொடங்குமுன் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) பார்த்து எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்று மட்டும். ஐந்தாறு சேர்ந்த கலவை வாங்கினால் கெடுத்தது எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான்காவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் மறுபடி இரத்தப் பரிசோதனை. எஸ்ஜிபிடி 120-ஐத் தாண்டினாலோ தொடங்கிய அளவைவிட இரு மடங்கானாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். டப்பாவை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'ஏதோ மூலிகைதான்' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது; லேபிளில் உள்ள பைப்பரின் என்ற ஒரு சொல் அவருக்கு நிறையச் சொல்லும்.