தேவாலா தங்கம்: மேல மின்னுச்சு, கீழ கையை விரிச்சிருச்சு

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் இருக்க தேவாலான்னா நம்மாளுகளுக்கு மழை நியூஸ்ல வர்ற பேரு, அவ்வளவுதான். அந்த ஊரை நம்பி 1880 வாக்குல லண்டன்காரன் கோடி கோடியா பணத்தைக் கொட்டுனான்னு சொன்னா எங்க தெரு டீக்கடைல சிரிக்கிறாய்ங்க. நெசம்தான்யா.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, எங்க அத்தை குடும்பம் சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்தவங்களுக்குன்னு கவர்மெண்டு ஆரம்பிச்ச டேன்டீ தோட்டம் பந்தலூர், தேவாலா பக்கமெல்லாம் இருக்கு, அங்கதான் வேலை கெடைச்சு அப்படியே தங்கிட்டாங்க. லீவுக்கு மதுரையில இருந்து அங்கிட்டு போனா மாமாகூட தேயிலைக்கு நடுவுல சுத்துறதுதான் வேலை. திடீர்னு சரிவுல ஒரு பொந்து வரும், பெரணிச்செடி மூடிக் கெடக்கும், கிட்டப் போனா உள்ளருந்து சில்லுன்னு காத்து அடிக்கும். "மாப்ள தள்ளி நில்லு, வெள்ளக்காரன் தோண்டுனது, உள்ள எம்புட்டு தூரம் போகுதுன்னு ஒரு பயலுக்கும் தெரியாது"ம்பாரு.

அந்த மலைப் பாறை நைஸ்ங்கிற (gneiss) வகை, ரொம்பப் பழசு. பூமிக்கடியில இருந்து சூடான தண்ணி பாறை வெடிப்பு வழியா ஏறி வந்து, போற வழியில வெள்ளைக் குவார்ட்ஸைப் படிய வச்சுட்டுப் போயிருக்கு, அதோட சேந்து பைரைட்டு (இரும்பும் கந்தகமும் சேந்தது), கொஞ்சூண்டு சால்கோபைரைட்டு (அதுல தாமிரமும் உண்டு), அதுக்குள்ள தங்கம். மாமா வீட்டு ஜன்னல்ல அப்படி ஒரு கல்லு கெடக்கு. வெள்ளைக் கல்லுதான், ஆனா சொத்தைப் பல்லு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், ஓட்டைக்குள்ள பூராம் செங்காவித் துரு. அந்த ஓட்டைலதான் முன்னாடி பைரைட்டு இருந்துச்சு. அங்க பெய்யிற மழைக்கு மேலாக்க இருக்க பைரைட்டு துருப்பிடிச்சுக் கரைஞ்சு போயிரும், தங்கம் கரையாது, அதனால தனியா, பொடிப்பொடியா, எடுக்க ஈஸியா அங்கயே நின்னுக்கும். இதுல வெனை என்னன்னா கொஞ்சம் ஆழம் போனா மழைத்தண்ணி வேலை நடக்கல, பைரைட்டு முழுசா இருக்கு, தங்கம் அதுக்குள்ள பூட்டிக் கெடக்கு. பத்தாததுக்கு அந்தக் குவார்ட்ஸ் வரியும் ஒரே சீரா போறதில்ல, இங்க தடிக்கும் அங்க மெலியும்.

குறும்பர், பணியர் சனங்க தலைமுறை தலைமுறையா ஓடை மண்ணை மரத்தட்டுல அலசி எடுத்துக்கிட்டு இருந்தது அந்த மேல்த் தங்கத்தைத்தான். அவங்க கணக்கு சரியான கணக்கு.

காப்பித் தோட்டக்காரன் கணக்கு வேற. 1870கள்ல காப்பிச் செடி இலை நோய் வந்து படுத்துக்கிச்சு, துரைமாரு கடன்ல முழுகிட்டாய்ங்க. அந்த நேரம் பாத்து ஆஸ்திரேலியாவுல விக்டோரியா தங்க வயல்ல பேரு வாங்குன ப்ரஃப் ஸ்மித்னு ஒருத்தரை வெள்ளக்கார கவர்மெண்டு வரவழைச்சு மலை பூராம் பாக்க விட்டுச்சு, அவரு ரிப்போர்ட்டு நம்பிக்கையா இருந்துச்சு. மேல் கல்லை டெஸ்ட் பண்ணுனா நம்பிக்கை வராம என்ன செய்யும்? ஒடனே லண்டன்ல டஜன் கணக்குல கம்பெனி மொளைச்சுருச்சு, மில்லியன் கணக்குல பவுண்டு ஷேர் வித்துச்சு, செத்த காப்பித் தோட்டமெல்லாம் தங்க பூமின்னு கைமாறுச்சு. என்னையக் கேட்டா அந்த மலையில உருப்படியா சம்பாதிச்சது நிலத்தை வித்தவன் மட்டுந்தான், தோண்டுனவன் இல்ல.

மெஷினெல்லாம் கப்பல்ல வந்து மலையேறி, கல்லை இடிச்சுப் பாத்தா டன்னுக்குச் சில கிராம். ஒரு டன் கல்லுக்கு அரைப் பவுன் தேறுறதே பெரிய பாடு. இடிச்ச கூழைப் பாதரசம் பூசுன செப்புத் தகட்டுல ஓட விடுவாய்ங்க, தனித் தங்கம்னா ஒட்டிக்கும், பைரைட்டுக்குள்ள இருக்கறது தண்ணியோட போயிரும். அதைப் பிரிக்கிற சயனைடு முறைக்கே 1887லதான் பேட்டண்ட் வாங்குனாங்க, அதுக்குள்ள இங்க முக்காவாசிப் பேரு மூட்டை கட்டிட்டாய்ங்க. அதே காலத்துல கோலார்லயும் இழுத்து மூடுற நெலமைதான், கடைசி நேரத்துல சாம்பியன் ரீஃப்ங்கிற தங்க வரி மாட்டுச்சு, அப்புறம் நம்ம தமிழ்ச் சனங்க மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் எறங்கி 2001ல மூடுற வரைக்கும் 800 டன் பக்கம் எடுத்துக் குடுத்தாங்க. அங்க சராசரி டன்னுக்கு ரெண்டு பவுன் பக்கம். தேவாலா எங்க, அது எங்க.

இதை நம்ம தெற்கு ஆவணி மூல வீதி பத்தர் அண்ணன்கிட்ட சொன்னேன். பட்டறை வாசல் மண்ணைக் கூட்டி அள்ளி அலசுறவங்களைப் பாத்திருப்பீங்கல்ல, அதைக் காட்டி "டன் கணக்குல பாத்தா எங்க சாக்கடை மண்ணு அதைவிட நல்லாத் தேறும்யா"ங்குறாரு. தப்பா சொல்லலன்னுதான் தோணுது.

இப்பவும் ராத்திரியில அந்தப் பொந்துக்குள்ள திருட்டுத்தனமா எறங்குறாய்ங்க. மூச்சு முட்டிச் செத்தவங்க உண்டு, மண்ணு சரிஞ்சு செத்தவங்க உண்டு. இடிச்ச கல்லுல பாதரசத்தைப் போட்டுப் பெசைஞ்சு, அப்புறம் சட்டியில வச்சுக் காய்ச்சுவாய்ங்க, பாதரசம் புகையா மூக்குக்குள்ள போகும், மிச்சம் ஓடையில. மாமாவுக்குப் போலீஸ் பயமோ பேய் பயமோ கெடையாது, அவரு கத்துறதெல்லாம் இந்த ஓடைக்குத்தான், அந்தத் தண்ணியைத்தான தோட்டத் தொழிலாளிக லைன் வீட்டுல எல்லாரும் குடிக்கிறாங்க.