பல்லைப் பிடுங்கும் முன் ஒரு பக்கவாட்டு எக்ஸ்-ரே

என் பெண்ணுக்கு மேல் முன்பற்கள் நன்றாகவே எத்திக்கொண்டு இருக்கும், வாயை மூடினால் கீழ் உதடு அந்தப் பற்களுக்குப் பின்னால் போய் மடங்கிக்கொள்ளும். வயது 12. முதலில் காட்டிய இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லை எடுத்துவிட்டு க்ளிப் போட்டு உள்ளே இழுத்துவிடலாம் என்றார்கள். சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று அண்ணா நகரில் ஓர் ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் (பல் வரிசையைச் சீராக்கும் டாக்டர்) போனோம். "எத்தியிருக்கறது பல்லா, தாடையான்னு முதல்ல பார்த்துடலாம்மா" என்று லேட்டரல் செஃப், அதாவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரே, எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தலைக்கு எக்ஸ்-ரே என்றதும் என் மாமியாருக்கு பயம். இதில் படும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்தான், இயற்கையிலிருந்து ஓரிரு நாளில் நம் எல்லார் மேலும் படுகிற அளவு என்று டாக்டர் விளக்கியபிறகு சமாதானமானார்.

ஸ்கேன் சென்டரில் கம்மல், செயின், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, இரண்டு காதிலும் சின்னத் தண்டுகளை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்தினார்கள். கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டைத் தளர்வாக விட வேண்டும். இவளோ பல் தெரியக் கூடாதென்று பழக்கத்தில் உதட்டை இழுத்து இழுத்து மூட, "லூசா விடும்மா, உதடு எங்க நிக்குதுன்னும் அளக்கணும்" என்றார் அங்கிருந்த பெண். தலையை இப்படி நிறுத்தி, தூரத்தையும் மாற்றாமல் எடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே கொண்டுவந்தார்கள். ஒரே நிலை, ஒரே தூரம் என்பதால்தான் இன்று எடுத்த படத்தை அடுத்த வருஷப் படத்தோடு ஒப்பிட முடிகிறது.

கம்ப்யூட்டரே அளந்து கொடுத்துவிடும், ஆனாலும் டாக்டர் படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை ஒட்டி, விளக்குப் பெட்டியில் வைத்து, கூரான பென்சிலால் எங்கள் எதிரிலேயே வரைந்தார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் எலும்புப் பள்ளம் படத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி தெரிகிறது, அதன் நடுவில் ஒரு புள்ளி. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேருமிடத்தில் ஒன்று. இரண்டையும் சேர்க்கும் கோட்டிலிருந்துதான் தாடைகள் எவ்வளவு முன்னால் இருக்கின்றன என்பதைக் கோணமாக அளக்கிறார்கள். 1953இல் ஸ்டைனர் என்ற ஆர்த்தோடான்டிஸ்ட் வகுத்த கணக்குப்படி மேல்தாடை 82 டிகிரி, கீழ்தாடை 80, வித்தியாசம் 2. இவளுக்கு 81, 75, வித்தியாசம் 6.

மேல்தாடை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, கீழ்தாடைதான் பின்தங்கியிருக்கிறது! பிடுங்கி இழுத்திருந்தால், பின்தங்கிய தாடைக்குத் தோதாக மேல் பற்களையும் பின்னால் கொண்டுபோயிருப்போம். நினைக்கவே பகீரென்றது.

அந்த 82ஐயும் 80ஐயும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அது வெள்ளைக்கார முகங்களை வைத்து வந்த அளவு, நம் ஆட்களுக்குப் பல்லும் உதடும் பொதுவாகக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கும் என்றார். நெற்றியும் மூக்கும் சேரும் அந்தப் புள்ளி முன்னே பின்னே இருந்தாலும் கோணம் மாறிவிடுமாம், அதனால் விட்ஸ் என்ற வேறொரு அளவும் எடுத்துப் பார்த்தார். அதிலும் கீழ்தாடை 4 மி.மீ. பின்னால்தான்.

அப்புறம் அவர் காட்டியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதே படத்தில் கழுத்து முதுகெலும்புகளும் விழுந்திருந்தன. 2ஆவது, 3ஆவது எலும்புகளின் அடிப்பக்கம் குழிய ஆரம்பித்திருந்தது, 4ஆவது இன்னும் தட்டையாகவே இருந்தது. தாடை வேகமாக வளரும் பருவம் இப்போதுதான் வரப்போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்த வளர்ச்சியைப் பயன்படுத்திக் கீழ்தாடையை முன்னால் கொண்டுவரலாம்; தவறவிட்டால் வெறும் பல்லை நகர்த்திச் சமாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்தபிறகு தாடை ஆபரேஷன். கீழ் முன்பற்கள் ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார், ஏனென்றால் இந்தச் சிகிச்சை அவற்றை இன்னும் சாய்க்கும். சாய்வு 90 டிகிரி இருக்க வேண்டியது 93, பரவாயில்லை என்று ட்வின் பிளாக் கொடுத்தார். கழற்றி மாட்டும் இரண்டு துண்டுகள், கடிக்கும்போது கீழ்தாடை தானாக முன்னால் வந்து நிற்கும். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும். முதல் வாரம் இட்லியும் ரசம் சாதமும்தான்.

இந்த மாதம் மறுபடி அதே மெஷினில் படம் எடுத்தோம். பழைய தாளின் மேல் புதிய தாளை வைத்துக் காட்டினார்: கீழ்தாடை 77, வித்தியாசம் 4. உதடு இப்போது இழுக்காமலே மூடுகிறது. இனி பல்லை வரிசைப்படுத்த க்ளிப், ஏதாவது பல்லை எடுக்க வேண்டியிருக்குமா என்பதை இந்தப் புதுப் படத்தை அளந்து அடுத்த முறை சொல்கிறேன் என்றிருக்கிறார்.