டொச் பக்கமோ, பிரெஞ்சுப் பக்கமோ?

பீல் நகரத்துக்கு வீடு மாறி வந்த புதிதில் எங்கட ஆட்கள் எல்லாரும் கேட்டது இதைத்தான்: “பிள்ளையை டொச் பக்கம் விடுறீங்களோ, பிரெஞ்சுப் பக்கமோ?” டொச் என்றால் ஜெர்மன் மொழி, பக்கம் என்றால் அந்த மொழியில் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். எந்த ஊர் என்ற விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுவிஸில் பேர்ன் மாநிலத்துக்குள் இருக்கிற நகரம். 2005இல் இருந்து அதிகாரபூர்வப் பெயரே ‘பீல்/பியென்’ என்று இரட்டையாகத்தான். தெருப்பலகையில் மேலே டொச், கீழே பிரெஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழில் வளர, ஜூரா மலைப்பக்கத்தில் இருந்து வந்த தொழிலாளரோடு பிரெஞ்சும் இறங்கிவிட்டது. இன்றைக்குப் பத்துப் பேரில் நாலு பேர் அளவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. யார் முதலில் வாய் திறக்கிறாரோ, மற்றவர் அவருடைய மொழிக்கு மாறிக்கொள்வார். பாண் கடையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி “குரூயெசெக்” என்று பேர்ன் டொச்சில் வணக்கம் சொன்னா. விற்கிற பிள்ளை டொச்சில் கதைத்துப் பாணைச் சுற்றிக் கொடுத்தாள். அடுத்தவர் “பொன்ஜூர்” என்றார். மூச்சு விடாமல் பிரெஞ்சுக்குப் போய்விட்டாள். என் முறை வந்தபோது சிரித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். நான்தான் தொடங்க வேணும்! 1956இல் தனிச்சிங்களச் சட்டம் போட்ட நாட்டில் இருந்து வந்தவனுக்கு இது லேசில் நம்பக்கூடிய விசயமில்லை.

ஆனால் பாண் கடையில் மாறி மாறிக் கதைக்கலாம், பள்ளிக்கூடத்தில் அது நடக்காது. 2010இல் தொடங்கின இருமொழி வகுப்பு இருக்கிறதுதான், இடம் கிடைத்தால். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றை எடுக்க வேணும். டொச் எடுத்தால் உண்மையில் அது இரண்டு: வகுப்பில் எழுத்து டொச், விளையாட்டுத் திடலில் பேர்ன் வட்டாரப் பேச்சு. வளர்ந்த நாங்கள் காசு கட்டி முதலாவதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனால், அங்கே எல்லாரும் இரண்டாவதைக் கதைக்கிறார்கள். பிரெஞ்சில் அந்தக் கரைச்சல் இல்லை. மகளைப் பிரெஞ்சுப் பக்கம் விட்டோம்.

அதன் விளைவு ஒரு கலியாண வீட்டில் தெரிந்தது. டொச் பேசுகிற பேர்ன் நகரத்தில் இருக்கிற அண்ணன்ரை மகன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்து பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிக்கிறவன். பாடமாகப் படித்த மொழியில் சண்டை பிடிக்க ஏலுமோ? என் மகளின் டொச்சும் அதே நிலைதான். சார்ஜருக்காக இரண்டு பேரும் இழுபறிப்பட்டார்கள்.

“அது என்ரை.”

“பொய். உன்ரை கறுப்பு. இது வெள்ளை.”

“அம்மாட்டக் கேள் வேணுமெண்டால்!”

முழுக்கத் தமிழ். நாங்கள் வீட்டில் “தமிழில கதை” என்று கத்திக் கத்தி வாங்காத தமிழ். லண்டனில் தங்கச்சியின் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய மச்சாள்மாருக்கும் ஆங்கிலம் போதும். ஒருவருக்கும் தமிழ் தேவைப்படுவதில்லை. ஆனால் பிரெஞ்சு பேசுகிற லொசானுக்கும் டொச் பேசுகிற சூரிச்சுக்கும் பிரிந்து கிடக்கிற எங்கட குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருக்கிறது தமிழ் ஒன்றுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பண்பாடு, பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சார்ஜர் சண்டையையும் கொஞ்சம் சொல்லலாம்.

சின்னவனுக்கு இனிப் பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது. அவனை டொச் பக்கம் விடுவம், வீட்டுக்குள்ள இரண்டும் இருக்கட்டும் என்கிறா மனிசி. அக்காவும் தம்பியும் தங்களுக்குள் எதில் கதைப்பினம் என்று கேட்டேன். “அதுக்குத்தானே சொல்லுறன்” என்றா.