சீலா மீனுக்கு வாங்கிய ஃப்ரீஸர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். இந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பனில் அண்ணனின் படகும் கரையேறிக் கிடக்கிறது. அவர் பெயிண்ட் டப்பாவோடு அதன் விலாப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நான் அமெரிக்காவிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. வேலை எப்படி, குளிர் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஃப்ரீஸருக்குள் பீர்க் கடை வைத்திருக்கிறாயாமே?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. என் மனைவி அண்ணியிடம் சொன்னாள், அண்ணி அந்தோணியார் கோயில் வாசலில் சொன்னார். அதற்குப் பிறகு தனியாக அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அது முதலில் மீனுக்காக வாங்கிய ஃப்ரீஸர். கதையை அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு நியாயம் கிடைக்கும்.

நாங்கள் இருப்பது மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற துறைமுக ஊர். சுப்பீரியர் ஏரி வாசலில் கிடக்கிறது. ஏரி என்றுதான் பெயர், நீளவாக்கில் பார்த்தால் முடிவு கண்ணுக்குத் தெரியாது, அலையும் உண்டு. உப்பு வாசம் மட்டும் இல்லை. முதல் நாள் கரையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத ஒரு வாசம். அன்றைக்குத்தான் வேறு தேசத்துக்கு வந்துவிட்டேன் என்பது உறைத்தது. ஆனால் அந்த ஊரிலும் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. 1905இல் கட்டி, 1930 வாக்கில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும்படி மாற்றியிருக்கிறார்கள். கப்பல் ஊதினால் பாலமும் ஊதிப் பதில் சொல்லும். நம்மூரில் 1914ஆம் ஆண்டுப் பாலம் இரண்டு கைகளாகப் பிரிந்து திறப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியும் அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. அதைச் செய்தியில் பார்த்தபோது, டுலூத் பாலத்தை யாரோ பாம்பனுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று என் மகள் சொன்னாள்.

மீனுக்கு வருகிறேன். முதல் ஆண்டு மினியாபொலிஸ் வரை, ஏறக்குறைய 250 கிலோமீட்டர், காரில் போய் உறைந்த சீலாவும் நெத்திலியும் வாங்கி வருவோம். ஒருமுறை போனால் மூன்று மாதத்துக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் அந்த ஃப்ரீஸர். மேல்பக்கம் மூடி திறக்கும் பெட்டி வகை, 200 லிட்டர் கொள்ளளவு. அதை வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் வைத்தோம். மூடியைத் திறந்து அடுக்கியிருக்கும் மீனைப் பார்த்தால் மனைவிக்கு ஒரு தெம்பு வரும். எனக்கும்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இரும்புத்தாதுக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் ஆண்டு கோடையில் ஏரியில் பிடித்த வெள்ளை மீன் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி அரைமனதோடு புளி கரைத்தாள். குழம்பு நன்றாகவே வந்தது. சீலாவின் அழுத்தம் இல்லை, முள் அதிகம், ஆனால் நேற்றுப் பிடித்த மீனாயிற்றே. பிறகு ஏரி மீனே வழக்கமாகிவிட்டது. மினியாபொலிஸ் பயணம் குறைந்தது. மூன்றாம் ஆண்டு இறுதியில் ஃப்ரீஸரின் அடியில் ஒரு பொட்டலம் கருவாடும் பனிக்கட்டியும்தான் மிச்சம்.

குழம்பு கொடுத்ததற்குப் பதிலாகப் பெரியவர் என்னைத் தம் கொட்டகைக்கு அழைத்தார். அங்கே அவர் வீட்டிலேயே காய்ச்சிய பீர் இருந்தது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இது குற்றமில்லை. வயது வந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கும் மேல், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. அவர் கண்ணாடிக் குவளையை நீட்டியபோது என் கை நீளவில்லை. என் அப்பா வயது அவருக்கு. நம்மூரில் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, படகு மறைவில் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டுப் போவார்கள். ஒரு பெரியவர் கையிலிருந்து வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துக் குடிப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கொட்டகையில் இருந்ததும் இதே மாதிரி ஃப்ரீஸர்தான், பீர் பீப்பாய்களை உள்ளே குளிர வைத்துக் குழாயில் பிடிக்கும்படி மாற்றியது. காலியான என்னுடையதை என்ன செய்வது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "மீனை எங்கே வைப்பது?" என்றாள் மனைவி. இருந்த ஒரே பொட்டலத்தைக் காட்டினேன். அவள் வாயடைத்துப் போனாள் என்று எழுத ஆசைதான். உண்மையில் கருவாடு சமையலறை ஃப்ரிட்ஜுக்கு வந்தால் வீடு என்ன ஆகும் என்று ஒரு வாரம் பேசினாள். கடைசியில் ஃப்ரீஸரை நானே கழுவித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தாள். சோடா உப்பு, வினிகர், எலுமிச்சை எல்லாம் போட்டு நான்கு நாள் தேய்த்தேன்.

இந்த மாற்றத்தில் முதல் விதி, ஃப்ரீஸரின் உடம்பில் துளை போடக் கூடாது. அதன் சுவருக்குள்தான் குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் வளைந்து போகின்றன. ஒன்றில் துரப்பணம் பட்டால் பெட்டி செத்தது. அதனால் மூடியைக் கழற்றி, உடம்புக்கும் மூடிக்கும் நடுவே பலகையால் ஒரு சட்டம் செய்து உட்கார வைக்க வேண்டும். துளையெல்லாம் அந்தச் சட்டத்தில்தான். பீர் வரும் குழாய்களை அதில் பொருத்தலாம், பீப்பாய்களுக்கு உயரமும் கிடைக்கும். சட்டத்தின் உள்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒட்டினேன். அதை ஒட்டும்போது அப்பாவின் நினைவு. படகின் ஐஸ் பெட்டிக்கு ஆண்டுதோறும் அவர் தெர்மாகோல் மாற்றுவார். மூலை இடுக்கில் விரல் விட்டுப் பார்த்து, "காற்று புகுந்தால் ஐஸ் நமக்கில்லை, கடலுக்கு" என்பார். நானும் விரல் விட்டுப் பார்த்தேன்.

உள்ளே மூன்று பீப்பாய் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 19 லிட்டர், துருப்பிடிக்காத எஃகு. ஒரு காலத்தில் குளிர்பானக் கம்பெனிகள் சர்க்கரைப் பாகு அனுப்பிய பீப்பாய்கள் இவை. பாகு அட்டைப்பெட்டிப் பைகளுக்கு மாறியதும் பழைய பீப்பாய்கள் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வந்துவிட்டன. கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் திட்டில், பீரைக் குழாய்க்குத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உட்கார்ந்துகொண்டது. ஃப்ரீஸரின் சொந்த புத்தி எல்லாவற்றையும் -18 டிகிரிக்கு உறைய வைப்பது. பீருக்கு வேண்டியதோ 3 அல்லது 4 டிகிரி. அதனால் வெளியே, குளிரைப் பார்த்து ஃப்ரீஸரை ஓட்டி நிறுத்தும் ஒரு கண்ட்ரோலர். அதன் உணர்முனையைப் பீப்பாயின் வயிற்றில் ஒட்டி, காற்றுப் படாமல் மூடிவிட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் மூடி திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் ஓடி ஓடிச் சாகும்.

தப்புகளும் நடந்தன. முதல் சிலிண்டர் ஒரே இரவில் காலி. ஒரு இணைப்பில் கசிவு. காலையில் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். மூக்கில் சுருக்கென்று ஏறி மூச்சு முட்டியது. அந்த வாயு காற்றைவிடக் கனம். பெட்டியின் அடியில் குளமாகத் தேங்கி நிற்கும். பெரியவர் திட்டினார். அதற்குப் பிறகு இணைப்புக்கு இணைப்பு சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் சிலிண்டரைத் திறப்பதில்லை. பிறகு நுரை. குவளை முழுக்க நுரை, அடியில் இரண்டு விரல் பீர். வாயு அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். பீர் சப்பென்று ஆனது. குற்றம் பீர் வரும் ரப்பர் குழாயின் நீளத்தில் இருந்தது. ஒரு மீட்டர்தான் விட்டிருந்தேன். 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துளையுள்ள குழாயில் 3 மீட்டர் ஓடி வந்தால்தான் 12 பிஎஸ்ஐ அழுத்தம் வழியிலேயே தணிந்து பீர் நிதானமாக இறங்கும். நிறைந்த பீப்பாய் 23 கிலோ. அதைச் சட்டத்துக்கு மேலே தூக்கி உள்ளே இறக்கியதில் பிடித்த இடுப்பு இன்னும் முழுதாக விடவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம் ஜனவரியில் வந்தது. வெளியே -25 டிகிரி. கொட்டகைக்குச் சூடு கிடையாது. ஃப்ரீஸர் ஓடவே இல்லை, ஓட வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே பீர் தானாகவே உறைந்து கிடந்தது. கண்ட்ரோலரில் இரண்டாவது ப்ளக் துளை எதற்கு என்று அதுவரை எனக்குப் புரியவில்லை. அது சூட்டுக்காம். பாம்பும் பல்லியும் வளர்க்கிறவர்கள் கூண்டில் வைக்கும் சூட்டுப் பட்டை ஒன்றை வாங்கி அதில் செருகினேன். பாம்பன்காரன் ஃப்ரீஸருக்குள் அடுப்பு வைத்த கதை இதுதான். இதை அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் இணைப்பே துண்டித்துப் போனது.

இப்போது மூன்றாவது குழாயில் பீர் இல்லை. மகளும் அவள் தோழிகளும் வருவதால் அதில் இஞ்சி சோடா. இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த நீர்தான், காய்ச்சுவதோ புளிக்க வைப்பதோ இல்லை. வாயு ஏற வேண்டும், அவ்வளவுதான். கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது அதற்குத்தான் வருகிறார்கள்.

நேற்று மாலை படகடியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் படங்களைக் காட்டினேன். பதநீர் வந்திருந்தது, பருவத்தின் கடைசி நாள்கள், வாளி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூடியை மேல்பக்கம் திறப்பதால் குளிர் வெளியே கொட்டாது, அடியில் உட்காரும், ஆகவே மேலே வெதுவெதுப்பாக இருக்குமே என்றார். சின்ன மின்விசிறி ஒன்று உள்ளே ஓடுகிறது என்றேன். "அப்படி என்றால் சரி" என்று என் பொறியியல் படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்தார். பதநீரை அந்தப் பீப்பாயில் போட்டால் நிற்குமா என்று கேட்டார். சுண்ணாம்பு தடவிய கலயத்திலேயே அது ஒரு நாளுக்கு மேல் தாங்குவதில்லை, குளிரில் இன்னும் கொஞ்சம் தாங்கும், கவனம் தப்பினால் கள்ளாகிவிடும் என்றேன். கள்ளுக்கு இங்கே தடை. அவர் யோசித்தார்.

இரவு அண்ணியின் பெட்டிக்கடையில் ஐஸ்கிரீம் ஃப்ரீஸர் முன்னால் அண்ணன் குனிந்து நின்று, அதன் உயரத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். பன்னீர் சோடாவாம். மூன்று சாணும் நான்கு விரலும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஐஸ்கிரீமை எங்கே வைப்பது?"