கல் கிடந்த இடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் நிலைக்கதவுகளும் தேக்குத் தூண்களும் மரவைகளும் அடுக்கிக் கிடக்கும். வேலைப்பாட்டை எவரும் வியக்கலாம். ஆனால் ஒரு கதவு எந்த ஊரில் எந்த வீட்டில் இருந்தது, முகப்பில் நின்றதா இரண்டாம் கட்டில் நின்றதா என்பதைப் பெரும்பாலும் விற்பவராலும் சொல்ல முடிவதில்லை. பழங்கற்காலக் கருவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இழப்புதான் நினைவுக்கு வருகிறது.

தொன்மை என்றதும் எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் எல்லோரும் கீழடியைத்தான் சொல்வார்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டு 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய் வருகிறோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது. இதே தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கற்கருவிகள் மண்ணுக்குள் இருந்து கிடைத்திருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அது செம்புறாங்கல் சரளையோடு கிடந்தது. எங்கள் பக்கத்து ஊருணிப் படிகளிலும் மதில்களிலும் நாம் அன்றாடம் பார்க்கிற அதே வகைக் கல்தான். சில மாதங்களிலேயே வில்லியம் கிங்குடன் அவர் கொசத்தலை ஆற்றுப் பக்கம் சென்று அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். ஃபூட்டிடம் நான் மிகவும் மதிப்பது, எந்தக் கருவி எங்கே கிடைத்தது என்பதை அவர் எழுதி வைத்த பழக்கத்தை. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த இடங்களுக்கே திரும்பிப் போக முடிந்தது அதனால்தான்.

ஒரு கைக்கோடரியைக் கூர்ந்து பார்த்தால் அதைச் செய்தவரின் கைவேலை தெரியும். கொட்டாப்புளி போல் பயன்பட்ட இன்னொரு கல்லால் குவார்ட்சைட் என்ற கடினமான கூழாங்கல்லின் விளிம்பில் ஓங்கி அடிக்கும்போது ஒரு செதில் பெயர்கிறது. அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் சிறு புடைப்பும், கல்லில் அதற்கேற்ற குழிவும் உண்டாகின்றன. கல்லைத் திருப்பி மறுபக்கம் அடிக்கிறார்கள், மீண்டும் திருப்புகிறார்கள். இரு முகங்களிலும் குழிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கூர்நுனியும் நெளிந்தோடும் விளிம்பும் கொண்ட இலை வடிவம் உருவாகிறது. தானாக உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு இராது. எந்தப் பக்கம் அடித்தால் எது பெயரும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கத் தெரிந்த மனம் அதில் பதிந்திருக்கிறது. அச்சூலியன் என்று சொல்லப்படும் இந்த மரபு கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே காணப்படுகிறது.

15 லட்சம் என்ற எண் எப்படி வந்தது? தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, பல மீட்டர் ஆழத்துக் களிமண் படிவில் இருந்த கருவிகளை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தரைமேல் கிடக்கும் கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற, காலப்போக்கில் சிதையும் இரு அணு வகைகளை (ஐசோடோப்புகளை) உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அந்த உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோகிறது. முன்னது சுமார் 7 லட்சம் ஆண்டுகளிலும் பின்னது சுமார் 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறைவதால், மிஞ்சியிருக்கும் விகிதத்தைக் கொண்டு கல் மண்ணுக்குள் போன காலத்தைக் கணக்கிடலாம். சுற்றியிருந்த மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசை, புவியின் வடதென் துருவங்கள் தலைகீழாக இருந்த ஒரு காலத்தைக் காட்டி இந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது. எந்த ஆழத்தில், எந்தப் படிவில் கிடந்தது என்று தெரியாத கல்லுக்கு இப்படிக் கணக்குப் போட வழியில்லை.

மேலே இருந்த படிவுகள் இன்னொரு செய்தியைத் தந்தன. 2018-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கைக்கோடரிகள் குறைந்து, செதில் பெயர்த்தெடுக்கும் மூலக்கல்லை முதலில் பக்குவப்படுத்தி வேண்டிய வடிவில் செதில் எடுக்கும் லெவல்லுவா முறை தொடங்கிவிட்டது. இங்கே காலம் காட்டியது கருவி அல்ல, அதைப் போர்த்தியிருந்த மணல். கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை மணலின் கனிமத் துகள்கள் காத்து வைத்திருந்தன. நவீன மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோதுதான் இந்த நுட்பம் இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்தை மறுபரிசீலனை செய்ய வைத்தது, யாரும் கலைக்காமல் விட்டிருந்த அந்த மணல்தான்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, செம்புறாங்கல் குவாரியில் அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்து வரலாமா?" என்று கேட்டான். எடுக்கவே கூடாது என்றேன். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. தரையில் உதிர்ந்து கிடந்ததா, குவாரிச் சுவரில் பதிந்திருந்ததா, பதிந்திருந்தால் மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே என்று குறித்துக்கொள். செல்பேசியில் இடத்தைப் பதிவு செய்து தொல்லியல் துறைக்குத் தெரிவி. அவர்கள் வந்து பார்க்கும்வரை கல் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.