40 மைக்ரான் பக்தி

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை எங்கள் பட்டறையில் ஒரு பேரிங் விழுந்தது. தரையில் விழுந்திருந்தால் துடைத்து எடுத்து வைத்திருப்பேன். விழுந்தது, எங்கள் விஎம்சியில், அதாவது புரோகிராம்படி தானே டூல் மாற்றி வெட்டும் மெஷினில், அப்போதுதான் துளையைக் கடைந்து இறக்கிய மோட்டார் பிராக்கெட்டின் ஓட்டைக்குள்.

"அண்ணா, உண்டியல்ல காசு போட்ட மாதிரி போகுதுங்ணா" என்றான் மெஷினில் டூல் மாட்டும் செட்டர் தம்பி. குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

6204 பேரிங்கின் வெளிவிட்டம் 47 மில்லி. ஓட்டை 47-க்கு மேலே 25 மைக்ரான் (0.025 மில்லி) வரை போகலாம், அதற்கு மேல் போனால் பழைய இரும்புக் கடை. பூஜைக்கு முன்னால் ஓட்டிய நாற்பது பீஸும் 47.01-ல் நின்றன. அதே புரோகிராம், துளையைக் கடையும் அதே போரிங் பார், யாரும் கை வைக்காத செட்டிங். துளை அளக்கும் போர் டயலை விட்டுப் பார்த்தால் 47.05. அடுத்த பீஸ் 47.05. ஆறு பீஸும் அச்சடித்தாற்போல் 47.05. தப்பு செய்வதிலாவது இப்படி ஒரு ஒழுங்கு எங்கள் பட்டறையில் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன். ஐந்தாவது பீஸ் ஓடும்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

சரி, பார் முனை 20 மைக்ரான் வெளியே தள்ளி நின்றால் துளை விட்டத்தில் 40 கூடும். ஆக, பாரைப் பிடித்திருக்கும் ஹோல்டர், அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குள் நேராக உட்காரவில்லை. ஆட்டம் பார்க்கும் நேர்த்தண்டான டெஸ்ட் மாண்ட்ரலை மாட்டி டயல் வைத்தேன். 300 மில்லி தள்ளி 15 மைக்ரானுக்குள் ஆட வேண்டிய முள், 60-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கையால் ஸ்பிண்டிலைச் சுற்றச் சுற்ற, முள் ஊஞ்சலில் உட்கார்ந்த பாட்டி மாதிரி போகிறது, வருகிறது.

டார்ச் அடித்து ஸ்பிண்டில் வாய்க்குள் பார்த்தேன். ஹோல்டர் உட்காரும் கூம்புச் சரிவான டேப்பரின் உள்சுவரில் செம்பழுப்பாக ஒரு திட்டு. மாண்ட்ரலை இறக்கினால் அதன் உடம்பிலும் அதே நிறத்தில் ஒரு கறை. எனக்கு அடிவயிறு கலங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஹோல்டரை இழுத்துப் பிடிக்கும் விசை குறைந்துபோனால், வெட்டும்போது டேப்பரும் டேப்பரும் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றையொன்று உரசும். உரசின இடத்தில் இப்படித்தான் செம்பழுப்பாகத் துரு பூக்கும். காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தேன், போகவில்லை. துருதான். முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் மெஷினில் மாட்டும் பிடி40 என்ற வகை ஹோல்டரில் ஒரு சங்கடம் உண்டு. அப்பாவின் லேத்தில் இருக்கும் மோர்ஸ் டேப்பர் அப்படியில்லை. ட்ரில்லைத் துடைத்து டெயில்ஸ்டாக்கில் ஒரு குத்து குத்தினால் தானாகக் கவ்விக்கொள்ளும், கைச்சக்கரத்தைக் கடைசி வரை பின்னால் சுற்றினால்தான் துப்பும். பிடி40-ன் சரிவு 24-க்கு 7, அதாவது 24 மில்லி நீளத்தில் விட்டம் 7 மில்லி குறையும். அவ்வளவு சரிவுக்குத் தானாகக் கவ்வத் தெரியாது. சட்டென்று கழன்று வந்து டூல் மாற வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தது. அதனால் ஹோல்டரின் தலையில் புல் ஸ்டட் என்ற ஒரு குமிழ், அதைப் பிடிக்க டிராபார் என்ற இழுவைத் தண்டின் விரல்கள், அந்த டிராபாரை இருபத்து நான்கு மணி நேரமும் மேலே இழுத்துக்கொண்டே இருக்க ஒரு கட்டு டிஸ்க் ஸ்பிரிங். பிடிப்பது ஸ்பிரிங், விடுவதற்குத்தான் காற்று வேண்டும். கரண்ட் போனாலும், கம்ப்ரசர் படுத்தாலும் பிடித்த டூல் கீழே விழாது. எங்கள் சித்தப்பாவும் இதே டிசைன்தான். பிடிக்கச் செலவே கிடையாது, விட வைப்பதற்குத்தான் பஞ்சாயத்து, காபி, கார் வாடகை எல்லாம்.

அந்த ஸ்பிரிங் தகடு ஒன்று உடைந்திருக்கும் என்பது என் தீர்ப்பு. அதற்குமுன் நியாயமாகச் செட்டர் தம்பியையும் விசாரித்தேன். புல் ஸ்டட்டை ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினாயா? அப்படி முறுக்கினால் டேப்பரின் சின்ன முனை மைக்ரான் கணக்கில் வீங்கிக்கொள்ளும், அப்புறம் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. அவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். பைப்பை எங்கே வைத்திருக்கிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. ஸ்பிண்டிலைக் கழற்றினால் என்ன ஆகும், கடன் தவணை என்ன ஆகும், பிராக்கெட் கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மணிக்குப் போனில் டிஸ்க் ஸ்பிரிங்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1867-ல் பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய சமாசாரமாம். அந்த மனிதருக்கு என் தூக்கம் கெடும் என்று எப்படித் தெரியும். மனைவி பாதித் தூக்கத்தில், "ஏனுங்க, தொடச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

"என்னத்தை?"

"அந்த வாயத்தான். மிக்ஸி ஜார் ஆடுச்சுன்னா நான் அடியில தொடச்சுட்டுத்தான் மறுபடி மாட்டுவேன்."

மிக்ஸிக்கும் விஎம்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். ஏழாவது நிமிடத்திலேயே குறட்டை வந்துவிட்டது. இருந்தாலும் முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். வந்தாலே 2,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பெட்டியிலிருந்து இழுவிசையை அளக்கும் ஃபோர்ஸ் கேஜை எடுத்து ஸ்பிண்டிலில் மாட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "900 கிலோ இழுக்குதுங்க சார். குதிரை மாதிரி இருக்கு" என்றார். நல்ல சேதிதான், ஆனால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ராத்திரி முழுவதும் ஒரு ஸ்பிரிங்கை உடைத்து வைத்திருந்தேனே.

அப்புறம் அவர் ஒன்று செய்தார். கேஜைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலில் கொஞ்சம் தின்னரைத் தொட்டு, ஸ்பிண்டில் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மிக இயல்பாக, தின்னர் வாசனையோடு அதை அப்படியே நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"துரு இல்லைங்க சார். குங்குமம். கீழ சந்தனம் இருக்கு."

செட்டர் தம்பி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஆயுத பூஜையில் என் அம்மாவின் பொட்டுக் கணக்கே தனி. கம்ப்ரசருக்கு மாலை போட்டு அது பெல்ட்டில் சுற்றிய வருடம், போர் டயல் கண்ணாடியின் நடுவில் வைத்து முள்ளையே மறைத்த வருடம் எல்லாம் பழைய கதை. இந்த வருடம், டூல்கள் வரிசையாக நிற்கும் மேகசினிலிருந்து 24 ஹோல்டரையும் இறக்கித் துடைத்து மேஜைமேல் வரிசையாக நிறுத்தியிருந்தோம். 24 பேரும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கவும், அம்மா ஒவ்வொருவராக உபசரித்திருக்கிறார். ஃபிளாஞ்சில் ஒன்று, கோலட் நட்டில் ஒன்று. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பன்னீரில் குழைத்த சந்தனம், மோதிர விரலால் அழுத்தி, நேராக டேப்பரில். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி ஸ்பிண்டில் வாய்க்குள்ளும் ஒன்று.

பட்டறையில் எங்கு திரும்பினாலும் பொட்டாக இருந்ததால் எந்தப் பொட்டும் என் கண்ணில் படவில்லை. ஹோல்டர்களைத் திரும்ப மேகசினில் ஏற்றியவன் தம்பி. ஏற்றிவிட்டால் டேப்பர் பாக்கெட்டுக்குள் போய் மறைந்துவிடும். டூல் மாறும்போது ஸ்பிண்டிலில் காற்றடிக்கும்தான், ஆனால் காய்ந்த சந்தனத்தைப் பெயர்க்கும் அளவுக்கு அந்தக் காற்றுக்குத் தைரியம் இல்லை. அதன்மேல் 900 கிலோ வைத்து அழுத்தியதில் அது சிமெண்ட் ஆகிவிட்டது.

"ஏற்றும்போது தொடைக்க மாட்டியாடா?"

"சாமி பொட்டை எப்படிங்ணா அழிக்கிறது?"

இதற்கு எந்த மேனுவலிலும் பதில் இல்லை.

இன்ஜினியர் வேறு விடவில்லை. இந்தச் சரிவில் விட்டத்தில் 10 மைக்ரான் தடித்தாலே ஹோல்டர் 34 மைக்ரான் வெளியே நிற்கும், ஆழ அளவையும் பார்த்துவிடுங்கள் என்று போகிற போக்கில் சொன்னார். பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். 24 ஹோல்டரையும் ஒவ்வொன்றாக இறக்கி, தின்னரில் பனியன் வேஸ்ட்டை நனைத்துத் துடைத்து முடிக்க மத்தியானம் ஆனது. பட்டறை முழுக்கக் கோயில் வாசனை. மாண்ட்ரலை மாட்டினால் முள் 8 மைக்ரானில் அடங்கி உட்கார்ந்தது. ஆறு பிராக்கெட், ஒரு நாள் ஓட்டம், 2,500 ரூபாய். ஜிஎஸ்டி பில்லில் சேவை விவரம் என்ற இடத்தில் அவர் 'ஸ்பிண்டில் டேப்பர் கிளீனிங்' என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

கத்துவது என்று முடிவு செய்துதான் வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பொட்டு வைக்க வேற எடமே இல்லையா? அந்தச் சரிவுல போய் எதுக்கு வெச்சே?"

"ஏங்கண்ணு, அதான முக்கியமான எடம்?"

"யாரு சொன்னா?"

"உங்கப்பா அந்த எடத்தத்தான வேட்டி நுனியில தொடைப்பாரு. தொடச்சு, கட்டவெரல்ல ஒரு நீவு நீவி, அப்புறம் கண்ணுல ஒத்திக்கிட்டு மாட்டுவாரு. ஒரு தடவகூட தொடைக்காம மாட்டி நான் பாத்ததில்ல."

கீரைக் காம்பு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டாரா, டேப்பரில் பிசிறு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. மனைவி சமையலறையிலிருந்து மிக்ஸி ஜாரைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ஜாரில் துடைக்க ஒன்றுமே இல்லை.

இன்று காலை தம்பி பனியன் வேஸ்ட்டும் தின்னருமாக மூலையில் இருக்கும் அப்பாவின் லேத்துக்கு முன்னால் நின்றான். அது ஓடி ஏழு வருடம் ஆகிறது. டெயில்ஸ்டாக் சென்டரின் நுனியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது.

"இதையும் தொடச்சுரட்டுங்களாண்ணா?"

"அது இருக்கட்டும். அந்தப் பைப் எங்கடா?"