நாற்று விடும் முன்பே தொடங்கிய பகுப்பாய்வு

தமிழகக் கடலோரத்து உவர் நிலங்களில் காலங்காலமாக விளைந்துவரும் நெல் குழியடிச்சான். உப்பைத் தாங்கி நிற்கும். உப்பு ஏறும்போது அதன் வேரில் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்கிப்போகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க ஐஆர்29. உப்பு பட்டால் சீக்கிரம் துவண்டுவிடும் ரகம் என்பதால், இந்த வகைச் சோதனைகளில் அதை வைத்துக்கொள்வது வழக்கம். வேலை செய்யும் மரபணு தன் நகலாக உருவாக்குவது ஆர்.என்.ஏ. வேரிலிருந்து அதைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையைப் படித்துத் தரும் (வரிசைப்படுத்தும்) நிறுவனத்துக்கு அனுப்பி, வரும் தரவை எங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு உயிரியல் மையத்தில் பகுப்பாய்வு செய்வதாகத் திட்டம். எல்லாம் முடிந்து, கட்டுரையும் இதழுக்குப் போயிருக்கிறது. இனி இந்தப் பாதையில் வரப்போகும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருள், எவ்வளவு பெரிய செர்வர் என்றுதான். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் என் ஆய்வைக் காப்பாற்றியவர்கள் அந்த மையத்தில் வேலை செய்யும் நான்கைந்து பேர். அவர்களைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய மையங்கள் புதியவை இல்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-87இல் நாடு முழுக்க உயிர்த்தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியபோதே மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் இடம்பெற்றது. எங்கள் மையத்தின் மூத்த தொழில்நுட்ப அலுவலர், புரதக் கட்டமைப்புத் தரவுகள் தபாலில் குறுந்தகடாக வந்த காலத்தைப் பார்த்தவர். இன்றும் ஒரு தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பை எந்தத் தேதியில் இறக்கினோம் என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறார். அந்தப் பதிவேடு பின்னால் எனக்கு உதவியது.

மையத்தின் விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம். முதல் கேள்வி, "உங்கள் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது? இரண்டு வரிகளில் எழுதுக." தரவின் அளவையும் கோப்பின் வகையையும் கடைசியில்தான் கேட்டிருந்தார்கள். படிவத்தைக் கொடுத்ததும் கலந்தாலோசனைக்கு நாள் குறித்தார்கள். நான் அப்போது விதைகூட ஊற வைக்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தவர் புள்ளியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். மையத்தில் எல்லோரும் அவரை மேடம் என்றே அழைப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் போட்டிருந்த திட்டம் இது: இரண்டு ரகங்கள், உப்பு உள்ளதும் இல்லாததுமாக இரண்டு நிலைகள், மூன்று வெவ்வேறு நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெப்ளிகேட், அதாவது ஒரே நிலையில் தனித்தனியாக எடுக்கும் மாதிரிகள். ஆக 24 மாதிரிகள். நிதியும் சரியாக அதற்குத்தான் இருந்தது. மேடம் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வேரை எத்தனை மணிக்கு வெட்டுவீர்கள்?"

"காலையில் தொடங்கி முடிகிற வரைக்கும், மேடம்."

"காலையில் வெட்டிய செடிக்கும் மாலையில் வெட்டிய செடிக்கும் உப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியிருக்கும், அம்மா. செடிக்கும் கடிகாரம் உண்டு. சரி, ஆர்.என்.ஏ. பிரிப்பது யார்? ஒரே நாளிலா?"

ஒரு நாளில் உப்பில்லாதவை, மறுநாள் உப்பிட்டவை என்று சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் வரைந்தார். உப்பின் விளைவும் நாளின் விளைவும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது என்று காட்டினார். அடுத்து ரெப்ளிகேட் பக்கம் வந்தார். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இதே போன்ற கணக்கீட்டு உயிரியல் குழு ஒன்று 2016இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக் கொடுத்தார். ஈஸ்டில் ஒவ்வொரு நிலைக்கும் 48 ரெப்ளிகேட் வைத்துச் செய்த சோதனை அது. முழுத் தரவில் தெரிந்த மாறுபட்ட மரபணுக்களில், மூன்று ரெப்ளிகேட் மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான மென்பொருள்கள் 20 முதல் 40 விழுக்காட்டையே கண்டுபிடித்தன. குறைந்தது ஆறாவது வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை.

"ஆறுக்கு எங்களிடம் பணம் இல்லையே, மேடம்" என்றேன். "இருக்கிறது" என்றார். மூன்று நேரங்களில் இரண்டை அடித்தார். இரண்டு ரகங்கள், இரண்டு நிலைகள், ஆறு ரெப்ளிகேட். அதே 24. அதோடு நிற்காமல், ஆறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு வகைக்கும் ஒவ்வொரு மாதிரி வருமாறு அட்டவணை போட்டார். எந்தத் தட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப்போடச் சொன்னார். வேர் வெட்டுவது காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் மட்டும். பிரித்த ஆர்.என்.ஏ.வில் பாதியை நிறுவனத்துக்கு அனுப்பாமல் மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் வழிகாட்டிக்கு மற்ற இரண்டு நேரங்களை விட மனமில்லை. மேடமே எங்கள் ஆய்வகத்துக்கு வந்து அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு மாணவியின் சோதனைக்காக அவர் எங்கள் கட்டடத்தின் மாடியேறி வந்தது எனக்கு மறக்காது.

சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போலத்தான், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் பேசியது 1938இல், நம் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில். அந்தப் பேச்சை மேடம் அச்செடுத்துக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பெரும்பாலான ஆய்வகங்கள் தரவு கைக்கு வந்தபின்தான் அந்தக் கதவைத் தட்டுகின்றன.

செடி வளர்த்ததையும் வேர் வெட்டியதையும் விவரிக்கப் போவதில்லை. நெல் நாற்றுக்கு ஊட்டம் தரும் யோஷிடா கரைசல், உப்பு, கண்விழித்தல் எல்லாம் செடி ஆய்வாளர்களுக்குப் பழகியவை.

தரவு வந்தபோது 70 ஜிபிக்கு மேல் இருந்தது. அதை வாங்கி வைத்தவர் செர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். முதல் வேலையாக ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண்ணை, அதாவது உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, சரிபார்த்தார். ஒரு கோப்பு கடைசியில் சிறிது அறுந்து வந்திருந்ததை அங்கேயே பிடித்தார். பெயரும் அளவும் ஏறக்குறையச் சரியாக இருந்ததால் வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மூலக் கோப்புகளை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி, ஒரு நகலை வேறு கட்டடத்தில் இருக்கும் சேமிப்பகத்துக்கு அனுப்பினார். செர்வரில் பலரின் வேலைகளை வரிசைப்படி ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருளில் வேலையை எப்படிப் போடுவது, எவ்வளவு நினைவகம் கேட்பது, அடுத்தவரின் வேலையை முடக்காமல் எப்படி நடந்துகொள்வது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். மின்வெட்டு வந்த இரவில் குளிரூட்டி மறுபடி ஓடத் தொடங்கும் வரை செர்வர் அறையை விட்டு நகராதவர் அவர். எந்தக் கட்டுரையிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

பகுப்பாய்வை நானே செய்ய வேண்டும், உடன் இருந்து வழிகாட்டுவோம் என்பது மையத்தின் முறை. எனக்குத் துணையாக இருந்தவர் ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஓர் இளம் பகுப்பாய்வாளர். ஃபாஸ்ட்க்யூசி என்ற மென்பொருளில் தரத்தைப் பார்த்து, ஸ்டாரில் மரபணுத்தொகுப்போடு பொருத்தி, ஒவ்வொரு மரபணுவிலும் எத்தனை துண்டுகள் பொருந்தின என்று எண்ணிக்கை எடுத்து, டிஇசெக்2வில் ஒப்பிட்டோம். பெயர்களாகச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் அவர் நிறுத்திக் கேட்ட கேள்விகளால்தான் மாதங்கள் ஓடின. நெல்லில் சுமார் 37,000 மரபணுக்கள். ஐந்து விழுக்காட்டுப் பிழையை ஏற்றுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தால், உப்பே போடாவிட்டாலும் 1,800க்கும் மேற்பட்டவை மாறியதாகத் தோன்றும். அதற்கான திருத்தத்தை மென்பொருள் தானாகச் செய்கிறது. ஏன் செய்கிறது என்பதை நான் என் வாயால் விளக்கிய பிறகே அவர் அடுத்த படிக்கு விட்டார்.

எல்லா மாதிரிகளையும் ஒரே வரைபடத்தில் போட்ட நாளைச் சொல்ல வேண்டும். 24 புள்ளிகள், ஒன்றுபோல் இருக்கும் மாதிரிகள் அருகருகே விழும். எதிர்பார்த்தபடி நான்கு கூட்டங்கள். ஆனால் குழியடிச்சான் கூட்டத்துக்குள் ஐஆர்29இன் புள்ளி ஒன்று, ஐஆர்29 கூட்டத்துக்குள் குழியடிச்சானின் புள்ளி ஒன்று. இப்படி ஒதுங்கி நிற்பவற்றை நீக்கிவிட்டு மேலே போவது பல இடங்களில் வழக்கம். பகுப்பாய்வாளர், பொருத்திய தரவை எழுத்து எழுத்தாகத் திரையில் காட்டும் ஐஜிவி மென்பொருளைத் திறந்தார். பொருத்துவதற்கு நாங்கள் வைத்திருந்தது ஜப்பானிய ரகமான நிப்பான்பாரேயின் மரபணுத்தொகுப்பு. அதிலிருந்து நம் ரகம் வேறுபடும் எழுத்துகள் மட்டும் திரையில் நிறமாகத் தெரியும். ஒரு மரபணுவின் நடுவில் நிறுத்திக் காட்டினார். குழியடிச்சான் மாதிரிகள் வரிசையாகச் சிவப்பாக இருந்தன. அந்த ஒன்று மட்டும் சாம்பல். ஐஆர்29 மாதிரிகளெல்லாம் சாம்பல். அந்த ஒன்று மட்டும் சிவப்பு. வேறு வேறு குரோமோசோம்களுக்குப் போனார். எங்கே பார்த்தாலும் அதே இரண்டு மாதிரிகள்.

"பெயரை மாற்றி எழுதிவிடலாமா?" என்று கேட்டேன்.

"நாம் விரும்புகிற மாதிரி தரவு அமைய வேண்டும் என்பதற்காகப் பெயரை மாற்றியதாகிவிடும். முதலில் அவர்களிடம் கேட்போம். ஃப்ரீசரில் பாதி இருக்கிறதல்லவா?"

படங்களோடு நிறுவனத்துக்கு எழுதினோம். அவர்கள் பதிவுகளைப் பார்த்து, இரண்டு குழாய்கள் தங்கள் பக்கத்தில் இடம் மாறியதை ஒப்புக்கொண்டு, மறுபடி கட்டணமின்றி வரிசைப்படுத்தித் தந்தார்கள். ஃப்ரீசரிலிருந்த பாதியை அனுப்பினோம். புதிய தரவில் இரண்டு புள்ளிகளும் தத்தம் கூட்டத்தில் போய் உட்கார்ந்தன.

அடுத்த சிக்கல் மரபணுக்களின் அடையாள எண்கள். நெல்லுக்கு இரண்டு பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன: ஜப்பானின் ராப், அமெரிக்காவின் எம்எஸ்யூ. ஒன்றின் ஒரு மரபணு மற்றொன்றில் இரண்டாக இருக்கும், சில இடங்களில் இல்லாமலே போகும். எந்தப் பதிப்பில் தொடங்கினோம் என்று இதழின் மதிப்பீட்டாளர் கேட்டபோது, மூத்த அலுவலரின் பதிவேட்டைத் திறந்து தேதியோடு பதில் எழுதினேன். நிப்பான்பாரேயைப் பயன்படுத்தியதால் நம் ரகத்துக்கே உரிய மரபணுக்கள் விடுபட்டிருக்குமே என்பது மதிப்பீட்டாளரின் இரண்டாவது கேள்வி. நியாயமானது. ஃபரிதாபாத்தில் 2022இல் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையத்தில் மூலத் தரவைச் சேர்ப்பதற்கான ஏற்பாடுகளுக்கு நடுவே, நம் ரகங்கள் சேர்ந்த இண்டிகா வகையின் மரபணுத்தொகுப்பு ஒன்றை வைத்துப் பகுப்பாய்வு முழுவதையும் மறுபடி ஓட்டினோம். எல்லாப் படிகளும் ஆரம்பத்திலிருந்தே நிரல்களாக எழுதிவைக்கப்பட்டிருந்ததால் அது பெரிய வேலையாக இல்லை. அப்படி எழுதிவைக்கச் சொல்லி என்னை விடாமல் நச்சரித்தவரும் அந்தப் பகுப்பாய்வாளர்தான்.

கட்டுரையில் யார் பெயர் வர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சேவைக் கட்டணம் செலுத்திவிட்டோமே, நன்றியுரையில் போட்டால் போதாதா என்று எங்கள் துறையில் சிலர் கேட்டார்கள். கட்டணம் செலுத்தியிருந்தாலும் அறிவுப் பங்களிப்பு கணிசமாக இருந்தால் ஆசிரியராகச் சேர்க்க வேண்டும் என்பது, இத்தகைய மையங்களின் சர்வதேசச் சங்கமான ஏபிஆர்எஃபின் வழிகாட்டுதல். அதை அச்செடுத்து என் வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, மேடத்தின் பெயரையும் பகுப்பாய்வாளரின் பெயரையும் தன் கையால் ஆசிரியர் வரிசையில் எழுதினார். சோதனையை வடிவமைத்தவர் ஒருவர், இடம் மாறிய மாதிரியைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அவர்கள் இல்லாத ஆசிரியர் வரிசை பொய்யாக இருந்திருக்கும்.

பகுப்பாய்வாளரின் ஒப்பந்தம் இந்த நிதியாண்டோடு முடிகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நிரந்தரப் பணியிடமும் இல்லை, பதவி உயர்வுக்கான வழியும் இல்லை. நல்ல சம்பளத்துக்குப் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ வேலை கிடைத்துப் போய்விட்டால், கற்றதெல்லாம் அவர்களோடு போய்விடும். மையத்தைப் பயன்படுத்திய ஆய்வகங்கள் சேர்ந்து, அந்தப் பணியிடத்தை நிரந்தரமாக்கக் கோரிப் பதிவாளருக்கு எழுதியிருக்கிறோம். அவருடைய உழைப்பால் வெளிவந்த கட்டுரைகளின் பட்டியலையும், அவர் நன்றியுரையில் மட்டும் இடம்பெற்றவையும் உட்பட, கடிதத்தோடு இணைத்திருக்கிறோம்.